நூற்றுக்கு நூறு வாங்கி நான் கெடுத்த வெப்சைட்

போன வாரம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து நிவேதா போன் செய்தார். என்னைவிட இருபத்தைந்து வயது சிறியவர். இப்போது அங்கே அவர்தான் எல்லாம்.

"சார், டூலெல்லாம் ரினியூவலுக்கு வருது. இப்ப ஏஐயே பதிலைச் சொல்லிருது, லிங்க்கைத் தட்டுற ஆளு கொறைஞ்சுட்டாங்க. எதை வச்சுக்கலாம், எதைத் தூக்கலாம்? உங்க அனுபவத்துல ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்."

போனை வைத்துவிட்டு, ஆபீசில் என் கருத்தைக் கேட்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "உங்ககிட்டயா? எதையெல்லாம் செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கக் கேட்டிருப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. ஒரு பக்கத்தில் அடங்கவும் இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரையிலோ சென்னையிலோ ஒருவர் போனில் 'கொடைக்கானல் ரூம்' என்று தேடுகிறார். ஆயிரம் விடுதிகள் இருக்க, முதலில் வந்து நிற்பது எது? நம்மிடம் வேலை கொடுத்த கட்சிக்காரரின் வெப்சைட்டை அந்த வரிசையில் முன்னே நகர்த்துவதுதான் எங்கள் சோலி. எஸ்இஓ என்பார்கள். இதற்கு உதவ விதவிதமான டூல்கள் உண்டு. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்ல ஒன்று, நாம் வரிசையில் எத்தனையாவது என்று சொல்ல ரேங்க் டிராக்கர் என்று ஒன்று, வெப்சைட்டில் என்ன கோளாறு என்று சொல்ல ஒன்று. பதினாலு வருஷம் இதில் குப்பை கொட்டினேன். கொட்டக் கூடாத ஒன்றையும் கொட்டினேன், அதுதான் கதை.

அதற்கு முன்னால் இருபது வருஷம் கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தேன். ஓட்டல் கை மாறியது. புது முதலாளிக்கு இளம் முகங்கள் தேவைப்பட்டன. நாற்பத்தாறு வயதில் ஸ்வெட்டரும் மப்ளருமாக வேலை தேடிப் போய் நின்றது ரெஜினா டீச்சரிடம். மிஷன் பள்ளியில் லைப்ரரியனாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தார். பாடம் நடத்தியதே இல்லை, ஆனாலும் ஊருக்கே டீச்சர்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"ஆன் பண்ணத் தெரியும் டீச்சர்."

"ஆஃப் பண்ண?"

"கரண்டு போனா அதுவா ஆஃப் ஆயிரும் டீச்சர்."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "இருபது வருஷம் போன் எடுத்திருக்கீங்க. ஜனங்க என்ன வார்த்தையில கேப்பாங்கன்னு உங்க காதுக்குத் தெரியும். அது எந்த டூலுக்கும் தெரியாது. திங்கக்கெழமை வாங்க, தங்கவேல்."

திங்கட்கிழமை போனேன். மற்றதை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன், அல்லது கற்றுக்கொண்டதாக நடித்தேன்.

டீச்சர் டூல் வாங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மாடு வாங்குகிறவர்கூட அத்தனை பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார். எந்த டூலையும் ஏழு நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுப்பார்கள். நாங்களெல்லாம் முதல் நாளே கட்சிக்காரர் வெப்சைட்டைப் போட்டுப் பார்த்து, வருகிற வண்ணப் படங்களைப் பார்த்து வாயைப் பிளப்போம். டீச்சர் எங்கள் ஆபீசின் சொந்த வெப்சைட்டைப் போடுவார். அதற்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்பது எங்களுக்கே துல்லியமாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். இடப் பக்கம் 'டூல் சொன்னது', வலப் பக்கம் 'நமக்குத் தெரிந்தது'. ஏழு நாளும் நிரப்புவார். தமிழில் ஐந்து சொல், இங்கிலீஷில் ஐந்து சொல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறார்களே அதில் ஐந்து சொல். இந்தப் பதினைந்தும் அவருடைய பரீட்சைத் தாள்.

கடைசி நாள் அவர் பார்ப்பது எத்தனை சரி என்பதை அல்ல, தப்பைத்தான். "தப்பு பண்ணுனா பரவால்ல, ஒரே மாதிரி தப்பு பண்ணுதா பாருங்க. எப்பவும் பாதிதான் காட்டுதுன்னா நாம ரெண்டால பெருக்கிக்கலாம். ஒரு நாள் பாதி, ஒரு நாள் பத்து மடங்குன்னு காட்டுறது ஆகாது." பிறகு ஒரு பொய்ச் சொல்லைத் தட்டுவார், உலகத்தில் யாருமே தேடியிருக்காத ஒன்று. அதற்கும் அந்த டூல் ஒரு எண்ணைக் கொடுத்தால் அன்றே கதை முடிந்தது. "தெரியாதுன்னு சொல்லத் தெரியாததை ஆபீசுக்குள்ள விடாதீங்க" என்பார். அப்போதெல்லாம் அவர் கண் என் பக்கம் திரும்புவது தற்செயல் என்றே இன்றும் நம்புகிறேன்.

எங்களுடைய முதல் ரேங்க் டிராக்கர் ஒரு கண்டக்டர். சிரிக்காதீர்கள். சேர்ந்த புதிதில் ஒரு விடுதிக்கு வேலை பார்த்து, தேடிப் பார்த்தால் எங்கள் கட்சிக்காரர்தான் முதல் இடம். பேக்கரியில் ப்ளம் கேக் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். டீச்சர் கேக்கைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டார்: "கொடைக்கானல்ல உக்காந்து கொடைக்கானல் ரூமைத் தேடுறது யாரு, தங்கவேல்?" யாருமில்லை. ஏற்கெனவே இங்கே இருப்பவனுக்கு ரூம் எதற்கு? தேடுபவர் எங்கிருக்கிறார், முன்பு எதைத் தட்டினார் என்பதைப் பார்த்துத்தான் தேடுபொறி வரிசையை அடுக்குகிறது. தினம் பத்து தடவை அதே பக்கத்தைத் தட்டுகிற எனக்கு அது மரியாதைக்காக முதல் இடம் காட்டியிருக்கிறது. மதுரை பஸ் கண்டக்டர் செல்வம் எனக்குப் பழக்கம். அன்றிலிருந்து அவர் மதுரை ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது நான் எழுதிக் கொடுத்ததைத் தட்டி, திரையைப் படம் பிடித்து அனுப்புவார். முதல் படம் வந்தபோது நாங்கள் முப்பத்தேழாவது இடம். "ஏலே தங்கவேலு, தேடித் தேடி என் வெரலு தேஞ்சு போச்சு" என்று கூடவே ஒரு குரல் செய்தி. ஊர் ஊராகப் பார்த்துச் சொல்லும் நல்ல டூல் வாங்கிய பிறகும், மாதம் ஒரு முறை செல்வத்தையும் கேட்கச் சொல்வார் டீச்சர்.

இப்படிப்பட்டவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தும் நான் செய்ததை இனிச் சொல்கிறேன்.

கிளாவரை என்கிற கிராமம் கொடைக்கானலிலிருந்து மேல்மலைப் பக்கம், கேரள எல்லையை ஒட்டி, ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. காரட், உருளை, பூண்டு, பீன்ஸ். அங்கே புஷ்பம் என்றொரு பெண். அவர் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். புஷ்பம் பதினைந்து வயதிலிருந்து பிறர் காட்டில் காரட் பிடுங்கி, ஓடையில் நின்று கழுவி, விரலெல்லாம் வெடித்துப்போனவர். புருஷனும் அவருமாகச் சேர்ந்து வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வருகிறவர்கள் தங்குவதற்கு விட்டார்கள். டீச்சர் ஏழு பக்கத்தில் ஒரு சின்ன வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வருஷமாக மாசத்துக்குப் பத்துப் பதினைந்து போன் வரும். புஷ்பம் காட்டு வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

அப்போது ஆபீசுக்குப் புதிதாக ஒரு ஆடிட் டூல் வந்தது. வெப்சைட்டை மேலிருந்து கீழ்வரை மேய்ந்துவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். பள்ளிக்கூடத்தில் நான் நூறைப் பார்த்தது பிறர் பேப்பரில் மட்டும். எனவே எனக்கு ஒரு வெறி. கையில் கிடைத்த வெப்சைட்டையெல்லாம் நூறாக்கினேன். புஷ்பத்தின் வெப்சைட் எண்பத்தொன்று. அதைப் பிடித்து இழுத்தது ஒரே ஒரு பக்கம். எண்பது சொல் இருக்காது. படமில்லை, தலைப்பில்லை, வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் இல்லை. 'சரக்கில்லாத பக்கம், அநாதைப் பக்கம்' என்று சிவப்பில் எழுதி, 'மேம்படுத்துக அல்லது நீக்குக' என்றது டூல். மேம்படுத்த மூளை வேண்டும். நீக்க ஒரு விரல் போதும்.

முறைப்படி ஒன்று செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தின் முக்கியச் சொல்லை இன்னொரு டூலில் போட்டுப் பார்த்தேன். மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்? சைபர். நீக்கினேன். சுத்தமென்றால் சுத்தமாக இருக்கட்டும் என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வட்டம் பச்சையாகச் சுழன்று நூறில் நின்றது. அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேட்டும் செய்தேன்.

ஆறு வாரம் கழித்து, பங்குனி மாதம், புஷ்பம் முதல் பஸ்ஸில் ஆபீசுக்கு வந்தார். செருப்பில் கிளாவரைச் செம்மண்.

"டீச்சர், வெப்சைட்டை மூடிருங்க."

டீச்சர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரு மாசத்துக்கு மேல போனே அடிக்கல டீச்சர். காரட் ஏவாரி ரெண்டு ரூமையும் மூட்டை அடுக்கக் கேக்குறாரு. பங்குனி முடியறதுக்குள்ள சொல்லணுமாம், இல்லாட்டி மன்னவனூர்ல எடம் பாத்துருவாராம். சும்மா பூட்டிப் போட்டு என்ன செய்ய? நான் பழையபடி கழுவுற வேலைக்குப் போயிர்றேன்."

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். நான் எழுந்து போய் லேமினேட் செய்த தாளைக் கொண்டுவந்து நீட்டினேன். "அப்படி இருக்காதும்மா, உங்க வெப்சைட் நூத்துக்கு நூறு."

புஷ்பம் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "இதை எந்த ரூம்ல அண்ணே மாட்டணும்? காரட்டுக்கு மேலயா?"

டீச்சர் சிரிக்கவில்லை. தேடுபொறிக்காரர்களே வெப்சைட்காரர்களுக்கு இலவசமாகத் தரும் அறிக்கையைத் திறந்தார். போன ஆறு வாரம் ஒரு பக்கம், போன வருஷம் இதே ஆறு வாரம் ஒரு பக்கம். "முந்தின மாசத்தோட ஒப்பிட்டா சீசன் வந்து கண்ணைக் கட்டிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எந்தப் பக்கம் அதிகம் இழந்ததோ அது மேலே வரும்படி அடுக்கினார். முதல் வரியில் இருந்தது நான் நீக்கிய பக்கம். அது ஒரு பஸ் நேரப் பக்கம். அதைத் தேடி வந்தவர்கள் தட்டிய சொற்கள் கீழே: கிளாவரை பஸ் டைம். கிளாவரை கடைசி பஸ். கிளாவரையிலிருந்து திரும்ப பஸ் உண்டா.

"புஷ்பம், போன் பண்றவங்க மொதல்ல என்ன கேப்பாங்க?"

"பஸ்ஸைத்தான் டீச்சர். சாயங்காலம் வர்ற பஸ்ஸு எங்க ஊர்லயே ஹால்ட்டு, விடிஞ்சுதான் கீழ போவும். திரும்ப பஸ் இல்லைங்கன்னு சொல்லுவேன். ஐயையோ, அப்ப தங்க எடம் இருக்கான்னு கேப்பாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பப் பஸ் இல்லாததுதான் அந்த அம்மாவின் தொழிலே. ஏரிக்கரையும் மலைக்காட்சியும் அல்ல. இருபது வருஷம் போன் எடுத்த காதுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"இந்தப் பக்கம் எங்க, தங்கவேல்?"

"அழிச்சுட்டேன் டீச்சர். தேடுறவங்க சைபர்னு டூல் காட்டுச்சு."

"சைபர்னா யாரும் தேடலைன்னு அர்த்தமா, அது எண்ணலைன்னு அர்த்தமா?"

டீச்சர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். அவர் புஷ்பம் பக்கம் திரும்பினார். நான் அவரிடம் பார்த்தவற்றில் இன்றும் வியப்பது இதைத்தான். தேடுபொறி விதியை மாற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தொழிலில் எல்லாரும் அதைத்தான் சொல்வோம். கேட்கிறவர்களும் நம்புவார்கள்.

"புஷ்பம், தப்பு எங்களோடது. உங்களுக்குப் போன் கொண்டுவந்த பக்கத்தை நாங்களே அழிச்சுட்டோம். மறுபடி போடுறோம். ஆனா பங்குனிக்குள்ள பலிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஏவாரிக்கு என்ன சொல்றதுங்கிறது உங்க முடிவு."

புஷ்பம் கொஞ்ச நேரம் லேமினேட் தாளால் விசிறிக்கொண்டிருந்தார், அந்தக் குளிரில். "இன்னும் பதினெட்டு நாள் கெடக்கு. கடேசி நாள் வரைக்கும் பாக்குறேன் டீச்சர். ஆனா அண்ணனை மட்டும் தொடவுடாதீங்க."

பழைய பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. ஆடிட் டூலைக் கெஞ்சினேன். அந்தப் பக்கத்தில் எழுபத்தெட்டு சொல் இருந்தது என்று சொன்னது, எந்தெந்தச் சொல் என்று சொல்லவில்லை. "போயி எழுதிட்டு வாங்க" என்றார் டீச்சர். "பஸ்ல போங்க. ஜீப்புல போனா ஒண்ணும் தெரியாது."

சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். பூம்பாறை வளைவுகளில் பூண்டு மூட்டைகள் என் மடியிலும், நான் இன்னொருவர் மடியிலுமாக ஏறிப் போனோம். ஊர் வந்ததும் டிரைவர் எஞ்சினை அணைத்து, துண்டை உதறிப் போட்டுப் படுக்க ஆயத்தமானார். "திரும்ப எப்பண்ணே?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். "விடிஞ்சு" என்றார். கேள்வி தானாக வாயில் வந்தது: இங்க தங்க எடம் இருக்கா? ஒரு வாடிக்கையாளரின் மனசைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு வருஷமும் நாற்பது கிலோமீட்டரும் தேவைப்பட்டன.

புஷ்பம் தேத்தண்ணி கொடுத்து, போனில் வழக்கமாகச் சொல்வதை அப்படியே சொன்னார். நான் வந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் நேரங்களைச் சரிபார்த்தேன். இரண்டு மாறியிருந்தன. மழை நாளில் பஸ் வழியில் கவுஞ்சியோடு நின்றுவிட்டால் என்ன செய்வது, ஹால்ட் பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து அறை எத்தனை எட்டு, எல்லாம் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். 'மேகங்கள் முத்தமிடும் மலை முகட்டில்' என்று தொடங்கியிருந்தேன்.

"மேகம் முத்தமிட்டா பஸ் வருமா, தங்கவேல்?" முதல் பத்தி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மிஞ்சியது புஷ்பம் சொன்னது மட்டும். முதல் வரி: சாயங்காலம் கிளாவரை போகும் பஸ் அன்று திரும்பாது. அடுத்து நேரங்கள், பிறகு போன் நம்பர். பழைய முகவரியிலேயே பக்கத்தை ஏற்றி, மற்ற ஆறு பக்கத்திலிருந்தும் அதற்கு லிங்க் கொடுத்தோம். மீண்டும் மேயச் சொல்லித் தேடுபொறிக்கு மனுப் போட்டோம். ஆடிட் டூல் எண்பத்தாறு மார்க் போட்டது. நான் மௌஸைத் தொட்டேன். டீச்சர் ஸ்கேலை எடுத்து என் கைக்கும் மௌஸுக்கும் நடுவில் வைத்தார், லைப்ரரியில் புத்தகத்தைத் தொடப்போகும் பையன் கைக்குக் குறுக்கே வைப்பதுபோல.

நிவேதா, நீங்கள் கேட்ட பதில் இதற்குள்தான் எங்கோ இருக்கிறது. எந்த டூலையும் வாங்குங்கள். ஒரு வெப்சைட்டை ஒருவர் எதற்காகத் தேடி வருகிறார் என்பதை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், போன் எடுக்கிறவரிடம் கேளுங்கள். இன்று ஏஐயே பஸ் நேரத்தைச் சொல்லட்டும். திரும்ப பஸ் இல்லை என்று அது சொன்னதும், அந்த ஆள் யாருக்காவது போன் செய்தாக வேண்டும்.

பக்கத்தை ஏற்றிய ஐந்தாம் நாள், ஒன்றுமில்லை. எட்டாம் நாள் செல்வம் மதுரையிலிருந்து படம் அனுப்பினார்: எங்கள் பக்கம் எங்கும் இல்லை. பன்னிரண்டாம் நாள் இரண்டாம் திரையில் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. நான் வெள்ளனே ஆபீசுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் பார்ப்பேன், டீச்சர் எனக்கு முன்பே வந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் குட் மார்னிங் சொல்லிக்கொள்வோம். பதினாறாம் நாள் மூன்றாவது இடம். புஷ்பத்துக்குப் போன் போட எனக்குத் தைரியமில்லை. போனே வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால்?

பங்குனி கடைசி நாள், பகல் பதினோரு மணி. "போடுங்க" என்றார் டீச்சர். போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார். மூன்றாம் தடவையும் அதேதான். டீச்சர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். அந்தப் பதிவுக் குரலை இரண்டு பேரும் கைகட்டிக் கேட்டோம். கோயிலில்கூட நான் அத்தனை ஒழுங்காக நின்றதில்லை.

பன்னிரண்டரைக்குப் புஷ்பமே கூப்பிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வெரசா எடுக்க முடியல. ஏவாரி காலையிலயே வந்து வீட்டு முத்தத்துல உக்காந்துட்டாரு. பதில் சொல்லுன்னாரு. வாயைத் தொறக்குறேன், போன் அடிக்குது. மறுபடி தொறக்குறேன், அடிக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்கண்ணே சொன்னேன்? அஞ்சாவது போன் அடிச்சதும் மனுசன் தேத்தண்ணியக் குடிச்சுட்டு, 'சரி தாயி, நீ பேசு'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."